ரேஷன் கடைக்காரம்மாவின் பின் சீட்டு

"இல்லை" என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கல்வராயன் மலையின் அடிவாரக் கிராமம் ஒன்றில் ரேஷன் கடை விற்பனையாளராக இருக்கிறேன். பருப்பு இல்லை, பாமாயில் இன்னும் வரவில்லை, சர்வர் இல்லை, உங்க கைரேகை விழவில்லை, நாளைக்கு வாங்க. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து சாயங்காலம் இறக்குகிற வரை இதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன். சொல்லிச் சொல்லி என் முகமே அப்படி ஆகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர், "இன்னாம்மா, இந்த மாசம் பருப்பு உண்டா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். நானும் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் வரலைங்க" என்பேன்.

என்னைப் பார்த்து யாரும் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. வேலையை விட்டுவிட்டு, வெயிலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, கடைசியில் வெறும் பையோடு திரும்புகிறவர்களுக்கு எதிரில் நிற்பது நான் மட்டும்தானே.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்காரர் மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிறார். நான் பல வருஷம் பஸ்ஸில்தான் கடைக்குப் போய் வந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்தக் கோடையில் எங்கள் ஊர் ஏரி காய்ந்து கிடந்தது. விழுந்தாலும் மண்தான், பார்க்கவும் ஆளில்லை என்று ஏரிக்குள்ளேயே ஓட்டிப் பழகினேன். பார்க்க ஆளில்லை என்று நினைத்தது நான் மட்டும்தான். கரைமேல் மாடு மேய்க்கிறவர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் முதல்முறை விழாமல் ஒரு சுற்று வந்தபோது கரையிலிருந்து விசில் வந்தது. அதுவும் நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம், மலையில் இருக்கிற ஒரு சிற்றூரிலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்திருந்தார். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். அவர் ரேஷன் கார்டு என் கடையில்தான் பதிவாகியிருந்தது. சந்தையில் கடுக்காயும் புளியும் விற்க இறங்கும்போது அப்படியே அரிசி வாங்கிக்கொண்டு போவார். அன்றைக்கு அவர் கைரேகை விழவே இல்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், ஈரத்துணியில் துடைத்து மறுபடியும். மிஷின் ஏற்கவில்லை. புளி கொட்டை எடுத்தே தேய்ந்துபோன விரல்கள். கடைசியில், "நாளைக்கு வாங்க" என்றேன். அந்த அம்மா விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தால், அதே அம்மா எதிரே புளியமரத்தடியில் நின்றிருந்தார். மலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டாராம். மலையடியில் இருக்கிற கோமுகி அணை வரைக்கும் நடந்துவிட்டால் அங்கிருந்து ஏதாவது வண்டி கிடைக்கும் என்று கிளம்பப் போகிறாராம். என் வீடு ஒரு பக்கம், அணை எதிர்ப்பக்கம். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. வண்டியை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "ஏறுங்க" என்றேன்.

அவர் என்னையும் வண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"வேணாங்க. பொம்பள ஓட்டற வண்டியில நான் ஏறினதே இல்ல."

"நானும் யாரையும் ஏத்தினதில்ல. ரெண்டு பேருக்கும் பழக்கமில்ல. ஏறுங்க."

அதற்கு அவர் சிரித்தார். முந்தானையைச் சுருட்டி மடியில் சொருகி, ஒரு பக்கமாக உட்கார்ந்து, என் தோளை அப்படியொரு பிடி பிடித்தார். கோமுகி அணை வரைக்கும் அந்தப் பிடி தளரவே இல்லை. இறங்கும்போது, "நாளைக்கு எங்க வூட்டு மிளகு கொண்டாறேன்" என்றார். "அதெல்லாம் வேணாம், விரல்ல தேங்காயெண்ண தடவிக்கினு வாங்க, ரேகை விழும்" என்றேன். மறுநாள் விழுந்தது. பத்துத் தடவைக்கு மேல் முயன்றோம் என்பது வேறு விஷயம்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே உற்சாகம். ஒரு நாள் முழுக்க இல்லை, இல்லை என்று சொன்ன வாயால், கடைசியில் "ஏறுங்க" என்று சொல்ல முடிந்ததே. அதைத் தினமும் சொன்னால் என்ன?

தினமும் என்று முடிவு செய்தபிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. ரோட்டோரம் ஒருவர் நடந்து போவது தெரியும். ஏற்றலாமா, தெரியாத ஆளாயிற்றே, நேரமாகிவிட்டதே, கூப்பிட்டு அவர் வேண்டாம் என்றால் அசிங்கமாயிற்றே என்று மனசு கணக்குப் போடும். போட்டு முடிப்பதற்குள் வண்டி அவரைத் தாண்டிப் போயிருக்கும். அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். முதலில் பிரேக், அப்புறம் யோசனை. நின்றுவிட்ட பிறகு யோசித்தால் யோசனையும் நல்லதாகவே வந்தது.

என்னென்ன மனிதர்கள், என்னென்ன சுமைகள்! மடியில் கோழியோடு ஒருத்தி ஏறினாள். பாதி வழியில் கோழி அவள் பிடியிலிருந்து நழுவி கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. இருவரும் காய்ந்த கரும்பு இலைச் சோகைக்குள் நுழைந்து, கையெல்லாம் கீறிக்கொண்டு அதைப் பிடித்து வந்தோம். அன்று கடைக்குப் போனபோது என் தலையில் கரும்புச் சோகை இருந்ததை யாருமே சொல்லவில்லை. ஒரு பெரியம்மா ஏறியதிலிருந்து இறங்குகிற வரை, "இப்படியா ஓட்டறது, லெஃப்ட்ல போ, ஹாரன் அடி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் வாழ்க்கையில் ஒரு சைக்கிள்கூட ஓட்டியதில்லை என்று பிறகு தெரிந்தது. பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஒருத்தி, என் முதுகெல்லாம் முள் குத்தக் குத்த, தன் மகள் கல்யாணக் கதையைச் சொல்லி முடித்தாள். நன்றி சொல்லாமல் போனவர்களும் உண்டு. போகட்டும். ரேஷன் கடையில் எனக்கு நன்றி சொல்லிப் பழகியவர்கள் யார்?

வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை.

"யார் யாரையோ ஏத்திக்கினு போறியே, கழுத்துல கெடக்கறத அறுத்துக்கினு போனா இன்னா பண்ணுவே?"

"பொம்பளைங்களதான் ஏத்தறேன்."

"பொம்பள அறுக்க மாட்டாளா?"

"அவ ரெண்டு கையும் என் தோள்லயே இருக்குங்க. விட்டா வுழுந்துருவாங்கற பயத்துல பிடிச்சிக்கினு வர்றா. அறுக்க ஏது கை?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாய்விட்டுச் சிரிக்காமல் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

இன்னொருவருக்கும் பிடிக்கவில்லை. கச்சிராயபாளையத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒருநாள் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தி, "சம்பளம் வாங்கறவங்க நீங்க. எங்க சவாரியையும் கெடுத்தா நாங்க எங்க போறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. "உங்க ஆட்டோ வராத ரோட்ல நடக்கறவங்களதான் ஏத்தறேன். ஸ்டாண்டாண்ட நான் யாரையும் ஏத்தினத நீங்க பாத்திருக்கீங்களா?" என்றேன். அவர் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் மட்டும் விடாமல் தினமும் தலையசைத்துவிட்டுப் போவேன். அதையும் ஒரு பழக்கமாகவே வைத்துக்கொண்டேன்.

ஆனால் பார்த்துக்கொண்டிருந்த வேறு சிலரும் இருந்தார்கள். அதே ரோட்டில் ஸ்கூட்டியில் போகிற பெண்கள். முதலில் தையல் கடை வைத்திருக்கிற அக்கா ஒருநாள் என் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "உங்க பின்சீட்டு ஃபுல்லாயிருச்சு, இந்தம்மாவ நான் கூட்டிக்கினு போறேன்" என்றார். பிறகு அங்கன்வாடி டீச்சர். பிறகு பேங்க்கில் வேலை செய்கிற ஒரு பெண். யாரும் யாரையும் கூட்டம் போட்டு அழைக்கவில்லை. சாயங்காலம் என் கடைக்கு எதிரே புளியமரத்தடியில் பெண்கள் நிற்பார்கள். எங்களில் யார் முதலில் வருகிறோமோ அவர் ஏற்றிக்கொள்வார். அவ்வளவுதான்.

எனக்கு ஒரு எல்லை மட்டும் இருந்தது. அணைக்கு அந்தப் பக்கம், வெள்ளிமலைக்கு ஏறுகிற மலைப்பாதையில் நான் வண்டியை விடமாட்டேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கும். சமதரையில் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன், அடிவாரத்தோடு சரி என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்த மார்ச் மாதம் அது. ஒருநாள் காலை கடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த மலைக்கார அம்மா. நான் முதன்முதலில் ஏற்றியவர். அதற்குள் நாங்கள் நல்ல சிநேகிதிகள் ஆகியிருந்தோம். அவர் மகளும் அந்த வருஷம் பரீட்சை எழுதினாள். தினமும் முதல் பஸ்ஸில் கீழே இறங்கி வந்து எழுதிவிட்டுப் போவாள்.

"யக்கா, நான் சந்தைக்கு வந்த பஸ்ஸு நின்னு போச்சுக்கா! பாதி மலையில. டிரைவரு இனிமே நவுராதுன்னுட்டாரு. புள்ளைங்கெல்லாம் ரோட்ல நின்னுக்கினு அழுவுதுங்க. இன்னிக்கி கணக்குப் பரீட்சை. சிக்னலு கெடைக்கணும்னு பாறமேல ஏறி நின்னு பேசறேன்."

"எத்தினி பேரு?"

"பையனும் பொண்ணுமா பதினாறு பேரு."

"பைக்கு எதுவும் வரலையா?"

"ஆம்பளைங்கெல்லாம் விடியறதுக்குள்ளாற கரும்பு வெட்டுக்குப் போயிட்டாங்கக்கா. ஒரு வண்டியக் காணோம்."

அடுத்த பஸ் வருவதற்குள் பரீட்சை ஆரம்பித்துவிடும். "நிக்கச் சொல்லு, வர்றோம்" என்றேன். சொன்ன பிறகுதான், எங்கே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் என்பதே உறைத்தது.

தையல் கடை அக்கா, அங்கன்வாடி டீச்சர், பேங்க் பெண், மூவருக்கும் போன் போட்டேன். ஒருவர்கூட ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "எங்க வரணும்?" என்றுதான் கேட்டார்கள். நான்கு வண்டி. வண்டிக்கு இரண்டு பிள்ளைகள் என்றாலும் எட்டுப் பேர்தான். இன்னொரு நடை போய்வர நேரம் இல்லை.

ஆட்டோ ஸ்டாண்டில் அந்த ஷேர் ஆட்டோக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியை நேராக அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வழக்கம்போல முகத்தைத் திருப்பினார்.

"மலையில பஸ்ஸு நின்னு போச்சுங்க. பரீட்சைக்குப் போற பிள்ளைங்க பதினாறு பேரு. நாங்க எட்டுப் பேர ஏத்திக்கறோம். மத்த எட்டுப் பேருக்கு உங்கள விட்டா ஆளில்ல."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். டீயைப் பாதியிலேயே பெஞ்சில் வைத்தார். "பேசிக்கினு நிக்கறீங்களே, வண்டிய எடுங்க" என்றார். நான் ஸ்டார்ட் செய்வதற்குள் அவர் ஆட்டோ எங்களைத் தாண்டியிருந்தது.

அணையைக் கடந்து முதல் ஏற்றம் வந்ததும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன்னால் ஆட்டோ உறுமிக்கொண்டு ஏறியது. பக்கத்தில் வந்த தையல் கடை அக்கா, "அகலமா வளைங்க, உள்பக்கம் ஒட்டாதீங்க, கையத் தளர வுடாதீங்க!" என்று கத்தினார். முதல் வளைவில் கண்ணைத்தான் மூடவில்லை, மற்றபடி எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். வண்டி ஏறிவிட்டது. இரண்டாவது வளைவிலும் ஏறியது. மூன்றாவதற்குள் என் முதுகு தானாக நிமிர்ந்தது. அந்தப் பாதையில் கீழே பார்த்தால் அணைத் தண்ணீர் அவ்வளவு அழகாகத் தெரியும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும் போட்ட கூச்சல் மலை முழுக்கக் கேட்டிருக்கும். மலைக்கார அம்மா பாறையிலிருந்து குதித்து ஓடிவந்தார். "யக்கா, நீயா மேல ஏறி வந்தே?" என்று என் கையைப் பிடித்தார். "அத அப்புறம் பேசலாம். ஹால் டிக்கெட் எல்லாம் கையில இருக்குதா? பேனா? ஏறுங்க, ஏறுங்க!" நான் வாழ்நாளில் அத்தனை முறை, அத்தனை சத்தமாக அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஆட்டோவில் எட்டுப் பேர் அடைந்தார்கள். என் பின்னால் அந்த அம்மாவின் மகளும் இன்னொரு பெண்ணும் ஏறினார்கள். அந்த அம்மா மட்டும் தன் புளி மூட்டையோடு பஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டார். "எனக்கு சந்தை எங்க போவுது, நீங்க போங்க" என்றார்.

இறக்கம் ஏற்றத்தைவிடப் பயம். இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி இறங்கினேன். பின்னால் இருந்த பெண்கள் ஃபார்முலா ஒப்பித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒப்பிப்பது நின்று, நேர்ரோடு வந்ததும் மறுபடியும் தொடங்கியது.

கச்சிராயபாளையத்து முனையில் வந்தால் ரோட்டை அடைத்துக்கொண்டு கரும்பு டிராக்டர்கள். ஆலைக்குப் போகிற வரிசை. அங்கே ஒரு போலீஸ்காரர். ஒரு வண்டிக்கு மூன்று பேராக நான்கு வண்டி, பிதுங்குகிற ஒரு ஆட்டோ. அவர் கையை நீட்டினார். எல்லாரும் நின்றோம்.

"இன்னாம்மா இது? மூணு மூணு பேரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்த பெண் ஹால் டிக்கெட்டை உயர்த்திப் பிடித்து, "சார், பஸ்ஸு நின்னு போச்சு சார், கணக்கு சார்!" என்றாள். அவர் அதைப் பார்த்தார், பிள்ளைகள் முகங்களைப் பார்த்தார். அபராதம் எழுத நோட்டை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் விடுவிடுவென்று ரோட்டு நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி, அத்தனை டிராக்டரையும் ஓரம் கட்டினார். "போங்க, போங்க! பாத்துப் போங்க!" என்று விசில் ஊதினார். மந்திரி வந்தால்கூட அந்த ரோடு அப்படித் திறந்திருக்காது.

பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு டீச்சர் ரோட்டுக்கே வந்து நின்று மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "வந்துட்டாங்க! மலைப் பிள்ளைங்க வந்துட்டாங்க!" என்று உள்ளே திரும்பிக் கத்தினார். பதினாறு பேரும் இறங்கி ஓடினார்கள். கடைசிப் பிள்ளை உள்ளே போன பிறகுதான் மணி அடித்தது.

நாங்கள் ஐந்து பேரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். பேங்க் பெண் திடீரென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "என் டீ ஆறிப்போயிருக்கும். எல்லாரும் வாங்க, புதுசா போடச் சொல்றேன்" என்றார்.

டீ குடித்துவிட்டு நான் கடைக்குப் போனபோது வரிசை புளியமரம் வரைக்கும் நீண்டிருந்தது. எல்லார் முகத்திலும் கோபம். மாதாமாதம் என்னோடு சண்டை போடுகிற ஒரு பெரியவர் முதலில் நின்றார். "இன்னா நேரத்துக்கு வர்றே? நாங்க இன்னா வேலவெட்டி இல்லாதவங்களா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். பெரியவர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"பதினாறு பேருமா போய்ச் சேந்தாங்க?"

"எல்லாரும் போயிட்டாங்கய்யா."

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? அந்தம்மா மெதுவாவே ஷட்டரத் தொறக்கட்டும். எவனும் சத்தம் போடக்கூடாது" என்றார். அவர்தான் அதுவரை சத்தம் போட்டவர் என்பதால் எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சர்வரும் எப்படியோ மத்தியானம் வரைக்கும் நிற்காமல் ஓடியது.

மத்தியானத்துக்கு மேல் சர்க்கரை அளந்துகொண்டிருந்தேன். ரோட்டில் நீளமாக ஒரு ஹாரன். பழுது பார்த்து முடித்த அதே பஸ் மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் கடைக்கு முன்னால் ஸ்டாப் கிடையாது. டிரைவர் நிறுத்தினார். அத்தனை ஜன்னலிலும் பிள்ளைகளின் தலைகள்.

"யக்கா! கணக்கு ஈஸிக்கா! எல்லாம் எழுதிட்டோம்!"

கையில் இருந்த சர்க்கரை அளவையோடு வாசலுக்கு ஓடினேன். வரிசையில் நின்றவர்களும் கூடவே வந்துவிட்டார்கள். பஸ் வளைவில் மறைகிற வரை கை ஆட்டினோம். அந்தப் பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து ஆட்டினார்.

சாயங்காலம் ஊருக்குள் நுழையும்போது டீக்கடையில் கூட்டம். நடுவில் என் வீட்டுக்காரர். வண்டிச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. கையை வளைத்து வளைத்துக் காட்டி, "ஒவ்வொரு வளைவும் இப்படிங்க. லாரிக்காரனே யோசிப்பான். எங்க வூட்ல பொசுக்குனு ஏறிட்டாங்க. பின்னால ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு எறங்கி வந்திருக்காங்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வளைவுகளின் எண்ணிக்கை அவர் வாயில் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. பதினாறு பிள்ளைகள் இருபத்தைந்து ஆகியிருந்தார்கள்.

நான் திருத்தவில்லை. சத்தம் போடாமல் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் நின்று, மிச்சக் கதையையும் முழுசாகக் கேட்டேன்.